‘போஸ்ட்ல பாத்துக்கலாம்’ வேண்டாம்: தமிழில் விண்வெளிக் காவியம் எடுக்கவிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும், கலை இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, கிராபிக்ஸ் துறைகளில் உழைக்கும் கலைஞர்களுக்கும், சென்னையிலிருந்து ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் எழுதுவது.

வணக்கம்.

1963இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’யிலேயே வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு இறங்கி வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 2018இல் ‘டிக் டிக் டிக்’ விண்கலத்துக்குள் நடந்தது. 2024 பொங்கலுக்கு ‘அயலான்’ வந்தது. ஆக, விண்வெளி நமக்குப் புதுசு இல்லை. இன்னும் வராதது பல கிரகங்கள், பல இனங்கள், பரம்பரைப் பகை, கப்பல் போர் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று பாகங்களாக விரியும் முழு விண்வெளிக் காவியம்தான். ராஜா ராணிக் கதையிலும் புராணப் படத்திலும் ஊறிய கோடம்பாக்கத்துக்கு அது எட்டாத உயரமில்லை. எங்களுக்குப் பயம் ஒரே ஒரு வாக்கியத்தைக் கண்டுதான்: ‘போஸ்ட்ல பாத்துக்கலாம்.’ அதாவது, ஷூட்டிங் முடிந்த பிறகு நடக்கும் போஸ்ட் புரொடக்ஷனில் சரிசெய்துகொள்ளலாம் என்று முடிவைத் தள்ளிப்போடுவது.

ஸ்டார் வார்ஸ் முதன்மை வரிசையில் ஒன்பது படங்கள், 1977 முதல் 2019 வரை 42 ஆண்டுகள். முன்கூட்டியே முடிவெடுத்து ஜெயித்த படமும் இந்த வரிசைக்குள் உண்டு. முடிவைத் தள்ளிப்போட்டு அவதிப்பட்ட படமும் உண்டு. அதே குடும்பம், அதே கதை, அதே நிறுவனம், வெவ்வேறு விளைவு. படம் எடுப்பவருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. அதனால்தான் இந்த மடல்.

முதல் படத்தின் (1977) உச்சக்கட்டத்தில் வரும், டெத் ஸ்டார் என்ற ராட்சத விண்கோட்டை மீதான தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான மாடல் ஷாட்கள் தயாராவதற்கு வெகு முன்பே இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் அந்தச் சண்டையை எடிட் செய்து வைத்திருந்தார். எதை வைத்து? இரண்டாம் உலகப்போர் விமானப் படங்களின் துண்டுகளை வைத்து. எந்த விமானம் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது, எத்தனை பிரேம் நிற்கிறது, எந்த இடத்தில் பைலட் முகத்துக்கு வெட்டுகிறோம் என்பதெல்லாம் அந்த ரஃப் கட்டிலேயே, அதாவது முதல்கட்ட எடிட்டிலேயே, முடிவாகிவிட்டது. எஃபெக்ட்ஸ் ஆட்கள் அதைப் பார்த்து, ஒவ்வொரு பழைய விமானத்தின் இடத்திலும் ஒரு விண்கலத்தை வைத்தார்கள்.

இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஓர் எடிட்டர், ஒரு லேப்டாப், பழைய போர்ப்படத் துண்டுகள், அவை கிடைக்காத இடத்தில் பொம்மைக் கப்பலைக் கையில் பிடித்து செல்போனில் எடுத்த ஷாட்கள், தற்காலிக இசை, உதவி இயக்குநர்களின் குரலில் வசனம், இவை போதும். ஒவ்வொரு ஷாட்டின் மூலையிலும் எண்ணும் பிரேம் கணக்கும் தெரியும்படி வையுங்கள். கிராபிக்ஸ் நிறுவனத்துக்குப் போகும் பட்டியலில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் வேண்டிய பிரேம், அதன் முன்னும் பின்னும் 8 பிரேம் ஹேண்டில் (வெட்ட இடம் விடும் கூடுதல் பிரேம்கள்), அவ்வளவுதான் இருக்க வேண்டும். இந்தப் பட்டியல் இல்லாதபோது நடப்பது உங்களுக்கே தெரியும். 200 பிரேம் செய்துகொடுக்கச் சொல்வோம். எடிட்டிங்கில் 40 பிரேம்தான் நிற்கும். மீதி 160க்கும் யாரோ ஒருவர் இரவெல்லாம் கண் விழித்திருப்பார், அதற்கும் பில் வரும்.

அந்தப் படமும் சுலபமாக முடிந்துவிடவில்லை. ஃபாக்ஸ் நிறுவனம் தன் எஃபெக்ட்ஸ் பிரிவை மூடிவிட்டிருந்ததால், லூகாஸ் 1975இல் கலிபோர்னியாவின் வான் நைஸில் ஒரு கிடங்கைப் பிடித்து இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற புது நிறுவனத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. கேமராவையே அவர்கள்தான் கட்டினார்கள். ஒதுக்கிய பணத்தில் பாதி கரைந்தபோது தேறிய ஷாட்கள் விரல் விட்டு எண்ணும் அளவுகூட இல்லை. அந்த நிலையிலும் படம் கரை சேர்ந்ததற்கு ரஃப் கட் கையில் இருந்தது ஒரு முக்கியமான காரணம். எதைச் செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அடுத்தது பொருள்கள். நாங்கள் மிகவும் நேசிக்கும் பகுதி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறோம்.

ஸ்டார் வார்ஸ் உலகம் நம்பும்படி இருப்பதற்குக் காரணம் அது பழசாகவும் அழுக்காகவும் இருப்பது. நாயகன் லூக்கின் ஒளிவாள் பிடி, பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடி. ஹான் சோலோவின் துப்பாக்கிக்கு அடிப்படை மவுசர் கைத்துப்பாக்கி. செட் அலங்காரம் செய்த ரோஜர் கிறிஸ்டியன் பழைய விமானங்களின் பாகங்களை எடைக்கு வாங்கி வந்து சோலோவின் ஃபால்கன் கப்பலின் உட்புறத்தை நிரப்பினார். எடைக்கு வாங்குவதென்றால் சென்னைக்காரருக்கு ஒரே இடம்தான் நினைவுக்கு வரும்: புதுப்பேட்டை. கார்புரேட்டர், கிளட்ச் பிளேட், பைக் சிலிண்டரின் காற்று இறக்கைகள், ஃபியூஸ் பெட்டி, ரேடியேட்டர், பழைய ஆட்டோ மீட்டர் என்று ஒரு கப்பலின் இன்ஜின் அறைக்கு வேண்டிய அத்தனையும் ஒரே தெருவில் குவிந்து கிடக்கின்றன. சின்ன மாடலுக்கு ரிச்சி தெரு: ஹீட் சிங்க், ஐசி சாக்கெட், பட்டை ஒயர், பிரிண்டரின் பல்சக்கரம்.

வாங்குவது சுலபம், ஒட்டுவதில்தான் தவறு நடக்கும். முதல் தவறு, எல்லாப் பாகமும் ஒரே அளவில் இருப்பது. பெரியது ஒன்று, நடுத்தரம் நான்கைந்து, பொடி நிறைய, நடுவில் வெற்றிடம் என்று அமைந்தால்தான் கண் அளவைப் பிடிக்கும். இரண்டாவது, பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற பொருள். ஒரு பல்சரின் டேங்க் மூடி திரையில் தெரிந்தால் தியேட்டரே சத்தம் போட்டுச் சொல்லிவிடும். தலைகீழாக வையுங்கள், பாதி புதையுங்கள், எழுத்து பொறித்த இடத்தைத் தேய்த்து எடுங்கள். மூன்றாவது, பெயின்ட். முதலில் எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் பிரைமர், உலர்ந்ததும் அடிநிறம், பிறகு நீர்க்கக் கரைத்த கருப்பைத் தடவி, காய்வதற்குள் துணியால் துடைத்தால் இடுக்கில் மட்டும் அழுக்கு நிற்கும், கடைசியாகக் காய்ந்த பிரஷ்ஷில் வெளிர்நிறத்தை விளிம்புகளில் மட்டும் லேசாக இழுக்க வேண்டும். மேலே மேட் வார்னிஷ். பளபளப்பு இருந்தால் பச்சைத் திரையின் நிறம் அதில் ஏறும், பச்சையை நீக்கும் கீயிங்கின்போது அந்த இடம் ஓட்டையாகிவிடும். இதே தொல்லைதான் அன்று நீலத் திரையிலும். எக்ஸ்-விங் போர்க்கலங்களின் கோடுகள் முதலில் நீலம். திரையோடு கரைந்துபோகும் என்பதால் சிவப்பாக்கினார்கள். உங்கள் தளபதிக்குப் பச்சைப் பட்டுச் சால்வை போடப்போகிறீர்களா என்பதைத் துணி எடுக்கும் முன்பே ஒளிப்பதிவாளரிடம் கேளுங்கள்.

செலவழித்துக் கட்டியதைத் தூக்கிப் போடாததும் ஒரு கலை. ஃபால்கனின் முதல் வடிவம் அப்போது தொலைக்காட்சியில் வந்த ஒரு விண்வெளித் தொடரின் கலத்தைப் போலிருந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று. ஏற்கெனவே கட்டிய மாடல், படத்தின் தொடக்கத்தில் துரத்தப்படும் இளவரசி லேயாவின் கப்பலானது.

அந்தக் கப்பலைத் துரத்திக்கொண்டு தலைக்கு மேல் வருகிறதே ஸ்டார் டிஸ்ட்ராயர், அதன் மாடல் 91 செ.மீ. நீளம்தான். ஊர் அளவு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் மூன்று: லென்ஸ் மேற்பரப்பை உரசுகிற மாதிரி நெருங்கிப் போகிறது, நுணுக்கங்கள் பொடியாக இருக்கின்றன, கப்பல் மெதுவாக வருகிறது, முடியாமல் வந்துகொண்டே இருக்கிறது. இன்றைய கிராபிக்ஸ் கப்பல்கள் பொம்மையாகத் தெரிவது பெரும்பாலும் வேகத்தால்தான். இரண்டு கிலோமீட்டர் நீளக் கப்பலை ஈ மாதிரித் திருப்பினால் எத்தனை பாலிகான் போட்டாலும் எடை வராது.

மாடலைக் கேமராவில் பிடிக்கும் முறையை ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு வகுத்தது. மாடல் பெரும்பாலும் நிற்கும். கேமராதான் தண்டவாளத்தில் நகரும். அந்த நகர்வு பதிவாகி, எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சு அசலாகத் திரும்ப நடக்கும். இன்று ஸ்டெப்பர் மோட்டார் பூட்டிய சிறு கேமரா ரயில் (தண்டவாளம்) ஒன்றைச் சென்னையிலேயே செய்துகொள்ளலாம். முதல் ஓட்டத்தில் மாடலுக்கு முழு வெளிச்சம். இரண்டாவதில் எல்லா விளக்கையும் அணைத்து, இன்ஜின், ஜன்னல் எல்இடிகள் மட்டும். அவற்றின் எக்ஸ்போஷர் வேறு என்பதால் தனியாக எடுத்தே ஆக வேண்டும். மூன்றாவதில் பின்னால் வெள்ளை அட்டைக்கு வெளிச்சம், மாடல் கருநிழலாக. பின்னணியிலிருந்து மாடலை வெட்டியெடுக்க உதவும் உருவரை, அதாவது மேட், அதுதான். லென்ஸ் துளையின் அளவான அப்பர்ச்சர் எஃப் 16 அல்லது 22 இருக்க வேண்டும். மூக்கு ஃபோகஸில் இருந்து வால் மங்கினால் கண் உடனே ‘பொம்மை’ என்று சொல்லிவிடும். அந்த அப்பர்ச்சருக்கு ஒரு பிரேமுக்கு அரை விநாடி, ஒரு விநாடி எக்ஸ்போஷர் ஆகும். கேமரா நகர்ந்துகொண்டே எடுப்பதால் அசைவின் மங்கல் தானாகவே விழும். கப்பல் தத்தித் தத்திப் போகாது.

எங்கே சொதப்பும்? ரயிலின் பல்லிடைத் தளர்வால் ஓட்டத்துக்கு ஓட்டம் சில பிக்சல் விலகும். ஒவ்வொரு முறையும் ஒரே திசையிலிருந்து தொடக்கப் புள்ளிக்கு வந்து சேர்ந்தால் சரியாகும். மாடலைத் தாங்கும் கம்பி சூட்டில் மெல்லத் தொய்யும்; விளக்குகளை அரை மணி முன்பே எரியவிட்டு நிலைப்படுத்துங்கள். பெரிய சாலை ஓரத்துக் கட்டடமானால் மாநகரப் பேருந்து கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிரேம் நடுங்கும். ராத்திரியில் எடுங்கள், அல்லது வண்டி போகாத தெருவில் தரைத்தளத்தைப் பிடியுங்கள்.

வெடிப்புக்கு வேறு கணக்கு. சின்ன மாடலின் நெருப்பும் சிதறலும் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் கேமரா வேகத்தைக் கூட்ட வேண்டும். எத்தனை மடங்கு சிறிதோ அதன் வர்க்கமூலத்தால் 24ஐப் பெருக்குங்கள். 16இல் ஒரு பங்கு மாடலுக்கு 96 பிரேம், 25இல் ஒரு பங்குக்கு 120 பிரேம். இந்த வேகத்துக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். டெத் ஸ்டார் மேற்பரப்பைச் சில அச்சுகளில் வார்த்த ஓடுகளைத் திருப்பித் திருப்பி அடுக்கிக் கட்டி, கிடங்கின் வாகன நிறுத்துமிடத்தில் வெயிலில் வைத்துத்தான் வெடித்தார்கள். வெயிலுக்குச் சென்னையில் பஞ்சமா? 96 பிரேமில், ஐஎஸ்ஓ 800 கேமராவில், எஃப் 22 வைத்த பிறகும் ஒரு ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைப் பாதியாக்கும் கண்ணாடி) கேட்கும், அவ்வளவு வெளிச்சம். காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியம் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து, விண்வெளி வெடிப்பு குப்பை எரிக்கிற மாதிரி ஆகிவிடும். வெடி வைப்பது உரிமம் பெற்ற எஃபெக்ட்ஸ் நிபுணர் மட்டுமே. இதில் சிக்கனம் கூடாது.

மினியேச்சரெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை என்று யாராவது சொன்னால் ‘மாயா பஜார்’ (1957) படத்தைப் போட்டுக் காட்டுங்கள். சுமார் 300 குட்டி வீடுகளோடு துவாரகை நகரத்தைக் கட்டி எடுத்தது இதே மதராஸில். ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி.

நாங்கள் கம்ப்யூட்டருக்கு எதிரிகள் அல்லர். முன்கதையாக 1999இல் வந்த முதலாம் அத்தியாயம் கிராபிக்ஸ் படம் என்றே பேர் வாங்கியது; ஆனால் அதன் பந்தய மைதானத்தில் தெரியும் பெருங்கூட்டம் எது தெரியுமா? சுமார் 4,50,000 காது குடையும் பஞ்சுக் குச்சிகள். நிறம் தோய்த்து, மாடல் காலரியில் வரிசையாகக் குத்தி, அடியிலிருந்து மின்விசிறியால் காற்றடித்து ஆட வைத்தார்கள். தூரத்து ஷாட்டில் ஆரவாரம் செய்யும் ஜனம் அதுதான். எந்தத் தூரத்துக்கு எது போதும் என்ற கணக்குத் தெரிந்தவர்கள் செய்த வேலை. இதற்கு நேர்மாறாக, 2002லும் 2005லும் வந்த இரண்டு படங்களிலும் குளோன் போர்வீரர்களுக்கு முழுக் கவசம் ஒன்றுகூடத் தைக்கவில்லை. அத்தனை பேரும் கிராபிக்ஸ். நடிகருக்குப் பக்கத்தில் வெறும் ஆள் நின்று, அவர்மேல் கவசம் வரைந்த ஷாட்களில் கழுத்து உட்காரவில்லை என்பதை இன்றும் பார்க்கலாம். ஐந்து கவசமாவது நிஜமாகச் செய்யுங்கள். பெரியமேட்டில் செருப்புத் தொழிலுக்கு விற்கும் இவிஏ ஷீட்டில், 5 மி.மீ., 10 மி.மீ. இரண்டும் கலந்து வெட்டி, ஹீட் கன்னால் மேற்பரப்பை மூடி, ரப்பர் பசையில் ஒட்டினால் முதல் வரிசை வீரர்களுக்குப் போதும். பின்வரிசையை கிராபிக்ஸ் பார்த்துக்கொள்ளட்டும். முன்வரிசையின் மேல் விழும் நிஜ வெளிச்சமே அவர்களுக்கு அளவுகோல்.

அந்த 2002 படத்தில் இன்னொரு பாடமும் உண்டு. அதை முழுக்க 1080 வரி டிஜிட்டல் கேமராவில் எடுத்தார்கள். அகலத்திரைக்கான ஸ்கோப் சட்டத்துக்கு மேலும் கீழும் வெட்டினால் உயரம் சுமார் 800 பிக்சல். 1977 படத்தின் ஃபிலிமை இன்று புதிதாக 4கே ஸ்கேன் செய்யலாம்; 25 ஆண்டு இளைய இந்தப் படத்திலிருந்து அதற்கு மேல் ஒன்றும் வராது. எதில் எடுக்கிறீர்களோ அதுதான் உங்கள் படத்தின் ஆயுள். ஒரிஜினல் ஃபைல்களை மூன்று பிரதியாக, இரண்டு ஊர்களில் வையுங்கள். முதலில் வெளியான வடிவத்தையும் தொடாமல் வையுங்கள். 1997 முதல் திருத்தித் திருத்தி வெளியிட்டதில், 1977இல் மக்கள் பார்த்த வடிவம் 2006 டிவிடிக்குப் பிறகு நெடுங்காலம் நல்ல தரத்தில் கிடைக்காமலே போனது. நெகட்டிவ் அழிந்து காணாமல் போன தமிழ்ப் படங்கள் எத்தனை என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது எல்லாரும் பேசுவது எல்இடி சுவர், அதாவது நடிகர்களுக்குப் பின்னால் காட்சியைக் காட்டும் பெரிய திரை. ‘தி மாண்டலோரியன்’ (2019) தொடருக்குக் கட்டியது 20 அடி உயரம், 75 அடி விட்டம், 270 பாகை வளைவு, 2.84 மி.மீ. பிட்ச் (விளக்குப் புள்ளிகளுக்கு இடையிலான தூரம்). கண்ணாடிபோல் பளபளக்கும் கவசம் அணிந்த நாயகனுக்கு அது கச்சிதமான தீர்வு. பச்சைத் திரையின் முன் அவனை நிறுத்தவே முடியாது. நமக்கு வாடகைக்குச் சுலபமாகக் கிடைப்பது கட்சிக் கூட்டத்துக்கும் கல்யாண ரிசப்ஷனுக்கும் வரும் சுவர். பிட்ச் பெரிது, ரிஃப்ரெஷ் குறைவு. கேமராவில் கருங்கோடு ஓடும். ஷூட்டிங்குக்கு வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டும்போது நிழல் பகுதிகள் பட்டை பட்டையாக உடையும். சுவர் ஃபோகஸுக்குள் வந்தால் முவாரே எனும் அலைக்கோடுகள் தெரியும். 3840 ஹெர்ட்ஸ் ரிஃப்ரெஷ் கொண்ட பேனலைக் கேளுங்கள். உங்கள் கேமரா, உங்கள் ஷட்டர், உங்கள் லென்ஸோடு ஒரு நாள் சோதனை எடுங்கள். நடிகரைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். முகத்துக்கு அந்தச் சுவர் வெளிச்சத்தை மட்டும் நம்பாதீர்கள். மூன்று நிற எல்இடியின் ஒளியில் நம் மாநிறம் செத்துப்போய்த் தெரியும். தனியாக நல்ல கீ லைட் வேண்டும். சுவரே இல்லாத வழியும் உண்டு. ‘ஆண்டோர்’ முதல் பருவம் (2022) அதைத் தொடாமல் நிஜ செட்டிலும் நிஜ ஊரிலும் எடுக்கப்பட்டது. தெரு நீளமாக இருக்கிறது, ஆட்கள் நேராக நடந்து போகிறார்கள், எங்கள் கண்ணுக்கு அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. கையில் காசு கொஞ்சமானால் காக்பிட் ஜன்னலுக்கு வெளியே மட்டும் எல்இடி பேனல் வையுங்கள். ‘ரோக் ஒன்’ (2016) அப்படித்தான் பைலட் முகத்தில் ஒளி ஓட்டியது.

ஒலியை யாரும் முதலில் யோசிப்பதில்லை. லூகாஸ் யோசித்தார். படப்பிடிப்புக்கு முன்பே பென் பர்ட் என்ற இளைஞரை ஒலி சேகரிக்க அனுப்பினார். ஒளிவாளின் ரீங்காரம், பழைய புரொஜக்டர் மோட்டாரும் டிவி பிக்சர் டியூபின் இரைச்சலும் சேர்ந்தது. அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, மைக்கைக் கையில் பிடித்து அதன் முன் வீசினார்; வாள் வீச்சின் ‘வ்வூம்’ அப்படிப் பிறந்தது. எதிரிகளின் போர்க்கலமான டை ஃபைட்டரின் இரைச்சலில் பாதி யானைப் பிளிறல், மீதி ஈரச் சாலையில் ஓடும் கார். துப்பாக்கி ஒலி, கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பியில் சுத்தியலால் அடித்தது. கம்பியில் கீச்சு ஒலி வேகமாக ஓடி முதலில் வரும், கனத்த ஒலி பின்னால் வரும், அதனால்தான் அந்தச் சறுக்கல். அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மைக் வைத்தால் ‘டங்’ என்று மட்டும் கேட்கும். ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பீசோ வில்லையை (அதிர்வை மின்குறியாக்கும் சிறு தகடு) கம்பியின் மறுமுனையில் ஒட்டிப் பதிவு செய்யுங்கள். பதிவு 192 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும், மைக்கும் அதற்கு ஈடுகொடுப்பதாக இருக்கட்டும். 48இல் எடுத்ததை நான்கு மடங்கு மெதுவாக்கினால் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். காசிமேட்டு விசைப்படகின் டீசல் இன்ஜின், பறக்கும் ரயில் நிலையத்தின் ஆளில்லாத மாடியில் எழும் எதிரொலி, ஈரமாவில் உருளும் கிரைண்டர் கல் என்று இந்த ஊரின் ஒலியில் ஒரு புதுப் பேரரசே ஒளிந்திருக்கிறது. இணையத்தில் வாங்கிய ஒலித்தொகுப்பைப் போட்டால் உங்கள் கப்பல் எல்லார் கப்பலையும் போலத்தான் கத்தும்.

முகமூடிப் பாத்திரத்துக்கு டப்பிங் பேசுவது நம் ஊருக்குக் கைவந்த கலை. ஸ்டார் வார்ஸின் முகமூடி வில்லன் வேடரின் உடல் டேவிட் ப்ரௌஸ், குரல் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ். நாங்கள் சேர்க்க நினைப்பது ஒன்றுதான்: குரல் கொடுப்பவரை ஷூட்டிங்குக்கு முன்பே முடிவு செய்து, வசனத்தைப் பதிவு செய்து, உள்ளே இருப்பவரின் காதில் ஓடவிடுங்கள். அப்போது தோளும் கழுத்தும் அந்த மூச்சுக்கு ஆடும். சென்னைப் புழுக்கத்தில் ஹெல்மெட் கண்ணாடி ஐந்து நிமிடத்தில் பனிபடரும். 40 மி.மீ., 5 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றும் பவர் பேங்க் ஒன்றும் உள்ளே பொருத்தினால் அது தீரும். ஃபேன் சத்தம் லைவ் சவுண்டில் விழும், எப்படியும் டப்பிங்தானே, விழட்டும். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் கொடுங்கள். துணை நடிகருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

வேற்றினத்தாரின் பேச்சு பற்றி ஒரு கோரிக்கை. ஸ்டார் வார்ஸ் தன் கிரகவாசிகளுக்கு கெச்சுவா போன்ற நிஜ மக்களின் மொழிச் சாயலை எடுத்துக்கொண்டது. அந்த வழியில் போகாதீர்கள். நீலகிரியில் தோடரும் கோத்தரும் பேசும் மொழி வாழும் மொழி. அதைக் கேட்டு தியேட்டர் சிரிக்கக் கூடாது. புதிதாக ஒரு மொழியைக் கட்டுங்கள், தமிழில் இலக்கணம் அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

கதைக்கு வருகிறோம். எங்களுக்குள் ஓயாமல் சண்டை நடக்கும் இடம் இது, ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒன்று. 2015, 2017, 2019 ஆகிய மூன்று படங்களுக்கும் முதலிலிருந்தே ஒரே கதைத்திட்டம் இருக்கவில்லை. முதல் படம் எடுத்த ஜே.ஜே. ஆப்ராம்ஸ், நாயகி ரேயின் பெற்றோர் யார் என்று கேள்வி போட்டார். இரண்டாவதை எழுதி எடுத்த ரையன் ஜான்சன், யாருமில்லை, சாதாரண மனிதர்கள் என்றார். மூன்றாவதற்கு வைத்திருந்த இயக்குநர் 2017இல் விலக, திரும்பி வந்த ஆப்ராம்ஸ் அவளைப் பழைய படங்களின் வில்லனான பேரரசரின் பேத்தி ஆக்கினார். ஆறாம் அத்தியாயத்தில் (1983) செத்த பேரரசர் தான் திரும்பியதை அறிவிக்கும் குரல் படத்தில் ஒலிக்கவே இல்லை. அந்தக் குரல் ஒரு வீடியோ கேமில் ஒலித்தது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றிலும் அருமையான காட்சிகள் உண்டு. சேர்த்துப் பார்த்தால் இரண்டு பேர் ஒருவரையொருவர் அடித்துத் திருத்திய நோட்டு.

எல்லாவற்றையும் முதல் நாளே எழுதிவைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வேடர்தான் லூக்கின் அப்பா என்பதே 1978இல், இரண்டாம் படத்தின் இரண்டாம் வரைவில்தான் வந்தது. ஆனால் அது ஷூட்டிங்குக்கு முன்பே, ஒரே கையால் எழுதப்பட்டது. அடுத்த படம் அதைத் தாங்கிப் பிடித்தது. நீங்கள் முதல் பாகத்துக்குப் பூஜை போடும்போது பத்துப் பக்கம் போதும்: ஒவ்வொரு பாகத்தின் கடைசி ஷாட், யார் யார் சாகிறார்கள், எந்த ரகசியம் யாருக்கு எப்போது தெரியும், இடைவேளை எங்கே விழும். தயாரிப்பாளர், இயக்குநர், எழுத்தாளர் மூவரும் கையெழுத்துப் போட்ட பத்துப் பக்கம். ஒரு நடிகர் தேதி கொடுக்காமல் போனாலோ, எதிர்பாராமல் நம்மை விட்டுப் போய்விட்டாலோ என்ன மாற்றுவது என்பதும் அதில் இருக்கட்டும். கேரி ஃபிஷர் 2016 டிசம்பரில் மறைந்த பிறகு, முன்பே எடுத்து மிச்சமிருந்த துண்டுகளைச் சுற்றிக் கடைசிப் படத்தின் காட்சிகளை எழுத வேண்டியிருந்தது. அந்த வசனங்களை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில். பார்க்கவே மனசு வலிக்கும்.

கடைசிப் படி தியேட்டர். திரையில் விழ வேண்டிய வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட், அதாவது 48 நிட்ஸ். லேம்ப் வயதானாலும், 3டி கண்ணாடி புரொஜக்டர் முன்னாலிருந்து நகர்த்தப்படாமல் 2டி படம் ஓடினாலும், அது பெருமளவு இறங்கும். ‘சோலோ’ (2018) வேண்டுமென்றே குறைந்த ஒளியில் அழகாக எடுக்கப்பட்ட படம். மங்கலான திரைகளில் பார்த்தவர்கள் இருட்டைத்தான் பார்த்தார்கள். விண்வெளிப் படம் பாதி கறுப்பு. நிறத்தைச் சரிசெய்யும் கிரேடிங் முடிந்ததும் சென்னையின் நல்ல திரை ஒன்றிலும், புறநகரின் சுமாரான திரை ஒன்றிலும் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பூட்டுங்கள். எட்டாவது அத்தியாயத்தில் (2017) ஒரு கப்பல் இன்னொன்றைப் பிளக்கும்போது சுமார் 10 விநாடி முழு நிசப்தம். ஒலி போய்விட்டது என்று ஜனங்கள் புகார் செய்ததால் அமெரிக்காவில் சில தியேட்டர்கள் ‘இது வேண்டுமென்றே செய்தது’ என்று அறிவிப்பு ஒட்டின. உங்கள் படத்திலும் அப்படி ஓர் இடம் இருந்தால், ஆபரேட்டருக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு, தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியான டிசிபியோடு சேர்ந்தே போகட்டும்: எந்த நிமிடத்தில் நிசப்தம், இடைவேளையை எந்த ஃபிரேமில் நிறுத்துவது, ஒலி அளவு எவ்வளவு.

பூஜை அன்று கிளாப் அடித்து, டைட்டில் போஸ்டர் வெளியிடுவது வழக்கம். அன்றைக்கு அந்தப் போஸ்டருக்குப் பதில் உங்கள் உச்சக்கட்டச் சண்டையின் இரண்டு நிமிட ரஃப் கட்டை உங்கள் குழுவுக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். கறுப்பு வெள்ளை விமானங்களும், செல்போனில் எடுத்த பொம்மைக் கப்பலும், உதவி இயக்குநர் வாயால் போட்ட ‘டிஷ்யூம்’ சத்தமுமாக இருந்தால் போதும். புதுப்பேட்டையில் பாகம் பொறுக்கவும், பஞ்சுக் குச்சிக்கு நிறம் தோய்க்கவும், ராத்திரியில் கேமரா ரயிலுக்குப் பக்கத்தில் காவல் உட்காரவும் இந்த ஊரில் எத்தனையோ ரசிகர்கள் தயாராக இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருகிறோம்.

அன்புடன்,
சென்னை ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள்